‘லூயி லூயி’ பாடலும் அதன் ரெகே வடிவமும்

‘லூயி லூயி’ என்பது அமெரிக்கக் கறுப்பினப் பாடகரான ரிச்சர்ட் பெர்ரி எழுதி, 1957ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்த ரிதம் அண்ட் புளூஸ் பாடல் ஆகும். வெளிவந்த காலத்தில் அது அமெரிக்க மேற்குக் கரைக்கு அப்பால் பெரிதாக அறியப்படவில்லை. 1963இல் ‘கிங்ஸ்மென்’ என்ற இளைஞர் குழு அதைப் பாடிப் பதிவு செய்த பிறகே உலகப் புகழ் பெற்றது. அதன் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் இப்பாடலைப் பதிவு செய்துள்ளன. அவற்றுள் தனித்த இடம் பெறுவது, ஜமைக்காவைச் சேர்ந்த ‘டூட்ஸ் அண்ட் த மேடல்ஸ்’ குழு 1970களின் தொடக்கத்தில் பாடிய ரெகே வடிவம். இப்பாடலின் கதைமாந்தன் ஜமைக்காவில் தன் காதலியை விட்டு வந்த ஒரு கப்பல் மாலுமி. அமெரிக்கர் ஒருவர் ஜமைக்காக்காரரின் பேச்சைப் போலி செய்து எழுதிய பாட்டை உண்மையான ஜமைக்காக்காரர் ஒருவர் தம் ஊர்த் தாளத்தில் பாடினார் என்பதே இவ்வடிவத்தின் சிறப்பு.

இப்பாடலின் வரலாற்றில் இசைக்கு இணையாகப் பணமும் கையெழுத்தும் இடம்பெறுகின்றன. எழுதியவருக்கு நெடுங்காலம் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இதன் வரலாறு விளங்கும்.

பிறர் மெட்டில் பாடுதல்

ஒருவர் பாடிப் பதிவு செய்த பாட்டை மற்றொருவர் மீண்டும் பாடிப் பதிவு செய்வது ‘கவர் வெர்ஷன்’ எனப்படுகிறது. தமிழில் மறுபாடல் எனலாம். தமிழருக்கு இது புதிய பழக்கம் அன்று. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன பாட்டின் ‘வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். பாரதியாரே கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திர மெட்டுகளில் தம் அரசியல் பாடல்கள் சிலவற்றை அமைத்தார். சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து மெட்டுகள் அவருக்குப் பின் பலர் கைக்கும் போயின. தொடக்ககாலப் பேசும் படங்களில் இந்தி மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் பொருத்தும் வேலை வெளிப்படையாகவே நடந்தது. ஆனால் நம்மவர் வழக்கில் மெட்டு நிற்கும், சொல் மாறும். மேலைநாட்டு மறுபாடலில் மெட்டும் சொல்லும் பெரும்பாலும் நிற்கும், தாளமும் குரலும் மாறும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ரிதம் அண்ட் புளூஸ் என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் இசைத்தட்டுகளை ‘இனத் தட்டுகள்’ என்று பொருள்படும் பெயரால் வணிகர்கள் நெடுங்காலம் தனியே பிரித்து வைத்திருந்தனர். ‘பில்போர்டு’ என்ற இசை வணிக இதழில் பணியாற்றிய ஜெர்ரி வெக்ஸ்லர் என்பவர் முன்மொழிய, 1949இல் அந்தப் பட்டியலின் தலைப்பு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றப்பட்டது. பெயர் மாறியதே ஒழியப் பிரிவினை உடனே போய்விடவில்லை.

ரிச்சர்ட் பெர்ரி

ரிச்சர்ட் பெர்ரி 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதில் இடுப்பில் ஏற்பட்ட பாதிப்பால் சில ஆண்டுகள் ஊன்றுகோலுடன் நடந்தார். பள்ளியில் படிக்கும்போதே தெருக்கோடிக் குழுக்களில் பாடத் தொடங்கினார். ஆழ்ந்த கீழ்க்குரல் அவருடையது. 1954இல் ‘ராபின்ஸ்’ குழு வெளியிட்ட ‘ரயட் இன் செல் பிளாக் நம்பர் 9’ என்ற புகழ்பெற்ற தட்டில் கேட்கும் முதன்மைக் குரல் பெர்ரியுடையது. தட்டில் அவர் பெயர் இல்லை. அடுத்த ஆண்டு எட்டா ஜேம்ஸ் பாடிய ‘வால்ஃப்ளவர்’ பாடலில் எதிர்ப்பாட்டுப் பாடும் ஆண்குரலும் அவருடையதே. அதிலும் பெயர் இல்லை. குரல் கொடுத்தவர் பெயர் தட்டில் வராமல் போவது அக்காலத்தில் வழக்கமாகவே இருந்தது.

1950களின் நடுவில் தெற்குக் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் வழிவந்த இளைஞர்கள் நடத்திய ‘ரிதம் ராக்கர்ஸ்’ என்ற குழுவுடன் பெர்ரி பாடி வந்தார. அக்குழுவினர் லத்தீன் அமெரிக்க நடன இசையையும் வாசிப்பவர்கள். கியூபாவிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய பியானோ கலைஞர் ரெனே டூசே பதிவு செய்த ‘எல் லோகோ சா சா’ என்ற சா-சா-சா நடனப் பாட்டை ஒருநாள் அவர்கள் வாசித்தபோது, அதன் தொடக்கத்தில் வரும் பத்துச் சுரத் துணுக்கு பெர்ரியின் காதில் ஒட்டிக்கொண்டது. மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று விழும் அடிகள் அவை. எண்ணிக்கையைப் பார்த்து நம்மூர்க் கண்ட சாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இடையிடையே மௌனம் விட்டு நான்கெண்ணிக்கைத் தாளத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் துணுக்கின் மேல் சொற்கள் தோன்ற, கிடைத்த கழிவறைத் தாளிலேயே எழுதிக்கொண்டதாகப் பின்னாளில் பெர்ரி கூறியுள்ளார்.

பாட்டின் பொருள் எளியது. மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாலுமி, ஊற்றிக் கொடுப்பவனிடம் தன் மனக்குறையைச் சொல்கிறான். அந்தக் கடைக்காரன் பெயர்தான் லூயி. கடலுக்கு அப்பால் ஜமைக்காவில் தனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள், தான் கிளம்ப வேண்டும் என்கிறான். அவ்வளவுதான். மதுக்கடைக்காரனிடம் புலம்பும் பாட்டுகளும், கடற்கரையில் காத்திருக்கும் காதலைப் பாடும் சக் பெர்ரியின் ‘ஹவானா மூன்’ பாட்டும் அவருக்கு முன்மாதிரிகளாக இருந்தன. 1956இல் ஹாரி பெலஃபான்டேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டுத் தொகுப்பு அமெரிக்கா எங்கும் விற்றுத் தீர்ந்த காலம் அது. கரீபியப் பேச்சுமொழியில் பாடுவது நாகரிகமாக இருந்தது. அதனால்தான் பெர்ரியின் மாலுமியும் தீவுக்காரர்கள் பேசும் இலக்கணத்தில் பேசுகிறான். பெர்ரி ஜமைக்காவைச் சேர்ந்தவர் அல்லர்.

1957 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் மேக்ஸ் ஃபேர்டாக் என்பவர் நடத்திய ‘ஃபிளிப்’ நிறுவனம் இப்பாடலை வெளியிட்டது. அதுவும் தட்டின் பின்பக்கத்தில்தான். முன்பக்கத்தில் இருந்தது ‘யூ ஆர் மை சன்ஷைன்’ என்ற வேறொரு பழைய பாட்டின் மறுபாடல். பெர்ரியின் சொந்தப் பாட்டு பின்பக்கத்தில், அடுத்தவர் பாட்டு முன்பக்கத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். டூசேயின் குழு கருவியில் வாசித்த துணுக்கை பெர்ரியின் பதிவில் உடன் பாடும் ‘ஃபாரோஸ்’ குழுவினர் வாயாலேயே பாடுகின்றனர். அமைதியாக, சற்றே சோர்வோடு நடக்கும் பாட்டு அது. இன்று அதைக் கேட்பவர்கள் இதுவா அந்தக் கூச்சல் பாட்டின் மூலம் என்று வியப்பார்கள்.

750 டாலர்

1959 வாக்கில் பெர்ரிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. கையில் பணம் இல்லை. ‘லூயி லூயி’ உள்ளிட்ட தம் பாட்டுகள் சிலவற்றின் மீதிருந்த பதிப்புரிமைப் பங்கை ஃபேர்டாகிடம் 750 டாலருக்கு விற்றுவிட்டார். விற்ற காலத்தில் அந்தப் பாட்டுக்கு அதற்கு மேல் மதிப்பு இருக்கும் என்று இருவருமே நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஓடி முடிந்துபோன தட்டு அது.

இங்கே அமெரிக்கச் சட்டத்தைச் சிறிது விளக்க வேண்டும். அங்கு 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு பாட்டு ஒருமுறை இசைத்தட்டாக வந்துவிட்டால், அதை யார் வேண்டுமானாலும் மீண்டும் பாடிப் பதிவு செய்யலாம். அனுமதி மறுக்க உரிமையாளருக்கு இடமில்லை. ஆனால் விற்கும் ஒவ்வொரு படிக்கும் சட்டம் விதித்த தொகையை உரிமையாளருக்குச் செலுத்த வேண்டும். தானாக வாசிக்கும் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருள்களுக்காக எழுதப்பட்ட விதி இது. தொகை 2 சென்ட் என்று வைத்தார்கள். 1977 முடியும் வரை அது மாறவே இல்லை. ஆக, 1963இல் கிங்ஸ்மென் தட்டு லட்சக்கணக்கில் விற்றபோது ஒவ்வொரு தட்டுக்கும் சேர வேண்டிய அந்தக் காசுகள் எழுதியவரிடம் வரவில்லை. பாட்டை வாங்கியவரிடம் போயின.

கூச்சலும் விசாரணையும்

பெர்ரியின் தட்டு அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில், டக்கோமா நகரங்களின் நடனக் கூடங்களில் மட்டும் மறக்கப்படாமல் இருந்தது. 1961இல் டக்கோமாவின் ‘வெய்லர்ஸ்’ குழுவோடு ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் இதைப் பதிவு செய்தார். 1963 ஏப்ரலில் போர்ட்லண்ட் நகரில் ஏறக்குறைய 50 டாலர் செலவில் கிங்ஸ்மென் குழு பதிவு செய்தது. ஒலிவாங்கி உயரத்தில் தொங்கியது. பாடகர் ஜாக் ஈலி தலையை அண்ணாந்து கத்திப் பாடினார். பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார். கிட்டார் தனி வாசிப்புக்குப் பிறகு ஓர் இடத்தில் முன்னதாகவே பாடத் தொடங்கி, பிழை உணர்ந்து நிறுத்தி மீண்டும் எடுத்தார். அந்தப் பிழையோடே தட்டு வெளிவந்தது. அவ்வாண்டு இறுதியில் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது.

சொற்கள் விளங்காததால் அவற்றில் ஆபாசம் இருப்பதாக வதந்தி கிளம்பிற்று. மாணவர்கள் தாங்களே இட்டுக்கட்டிய வரிகளைத் தாளில் எழுதிக் கைமாற்றினார்கள். 1964 தொடக்கத்தில் இண்டியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷ் வானொலியில் இதை ஒலிபரப்பாமல் தடுக்க முனைந்தார். பெற்றோர் ஒருவர் அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுத, நடுவண் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. விசாரணையில் இறங்கியது. தட்டை மெதுவாகவும் வேகமாகவும் சுழலவிட்டுக் கேட்டார்கள். எந்த வேகத்திலும் சொற்கள் புரியவில்லை என்பதே முடிவு. நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கோப்பு அது. பாடிய ஜாக் ஈலியை அவர்கள் விசாரிக்கவே இல்லை. பெர்ரி தெளிவாகப் பாடிய 1957ஆம் ஆண்டுத் தட்டை ஒருமுறை போட்டுக் கேட்டிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஜமைக்காவின் ஒலிபெருக்கிகள்

கிங்ஸ்மென் காலத்துக்கு முன்பே ஜமைக்காவுக்கும் ரிதம் அண்ட் புளூஸ் இசைக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. 1950களில் தலைநகர் கிங்ஸ்டனில் ஏழை மக்கள் ஆடிப்பாடக் கூடிய இடங்களில் வாத்தியக் குழுவை அமர்த்துவதைவிட ஒலிபெருக்கி கட்டித் தட்டுப் போடுவது மலிவாக இருந்தது. அலமாரி உயரப் பெட்டிகளோடு ஊர்வலம் போன இந்த அமைப்புகளுக்கு ‘சவுண்ட் சிஸ்டம்’ என்று பெயர். நம் ஊர்க் கோயில் பொங்கலுக்கு வரும் ரேடியோ செட்டை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி போட்டி. டியூக் ரீட், ‘காக்ஸன்’ என்ற பட்டப்பெயர் கொண்ட கிளெமென்ட் டாட் ஆகியோரின் செட்டுகளுக்கு இடையே கடும் போட்டி நிலவியது. அடுத்தவரிடம் இல்லாத அமெரிக்கத் தட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம் கூட்டம் சாயும். தட்டின் பெயரைப் போட்டியாளர் தெரிந்துகொள்ளாதபடி நடுவிலுள்ள ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கலைஞரின் ‘லேட்டர் ஃபார் கேட்டர்’ என்ற தட்டு கிங்ஸ்டனில் பல காலம் ‘காக்ஸன் ஹாப்’ என்ற பெயரிலேயே வழங்கியது. எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும் இப்படி உரசி அழிக்கப்பட்டன. இதில் வணிகத் தந்திரம் பெரும்பங்கு. எழுதியவரைப் பற்றிய அக்கறை யாருக்கும் இருக்கவில்லை என்பதும் உண்மை.

அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் பரவி, ஜமைக்காக்காரர்கள் விரும்பிய பழைய வகைத் தட்டுகள் வருவது குறைந்தது. அப்போது செட்டுக்காரர்களே உள்ளூர்க் கலைஞர்களை வைத்துத் தட்டுப் பதியத் தொடங்கினர். லூயி ஜோர்டான், ஃபேட்ஸ் டாமினோ, ராஸ்கோ கார்டன் ஆகியோரின் பாட்டுகளில் இருந்த குதித்தோடும் நடை இவர்கள் கையில் இன்னும் அழுத்தம் பெற்றது. 1962 ஆகஸ்ட் 6இல் நாடு விடுதலை பெற்ற காலத்தில் ‘ஸ்கா’ என்ற இசை பிறந்திருந்தது. 1966 வாக்கில் அது வேகம் குறைந்து ‘ராக்ஸ்டெடி’ ஆயிற்று. 1968 வாக்கில் ‘ரெகே’ ஆயிற்று.

ரெகேயின் தாளத்தைக் கையால் தட்டியே புரிந்துகொள்ளலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளில் கிட்டார் வெட்டினாற்போலச் சிறு ஒலி எழுப்பி உடனே அடங்கும். ‘ஒன் டிராப்’ எனப்படும் முறையில் பெரிய முரசு மூன்றாம் எண்ணிக்கையில் மட்டும் விழும். முதல் எண்ணிக்கை வெறுமையாக நிற்கும். மற்ற இசையில் மிகுந்த அழுத்தம் பெறும் இடம் இங்கே காலியாக விடப்படுகிறது. சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வெறுமை அந்நியமாக இராது. பாட்டை நடத்திச் செல்வது பாஸ் கிட்டார்.

அமெரிக்கப் பாட்டை ஜமைக்காத் தாளத்தில் பாடி உலகச் சந்தையைப் பிடித்த முதல் தட்டு, மில்லி ஸ்மால் என்ற ஜமைக்காச் சிறுமி 1964இல் லண்டனில் பதிவு செய்த ‘மை பாய் லாலிபாப்’. பார்பி கே என்ற பெண் 1956இல் பாடிய ரிதம் அண்ட் புளூஸ் பாட்டின் ஸ்கா வடிவம் அது. எர்னஸ்ட் ரேங்ளின் இசையமைப்பை ஒழுங்கு செய்தார். கிறிஸ் பிளாக்வெல் தயாரித்தார். இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் இரண்டாம் இடத்தை எட்டியது. அதை எழுதியவர் ராபர்ட் ஸ்பென்சர். இசைத்தட்டு வணிகர் மாரிஸ் லெவியின் பெயரும் ஆசிரியர் வரிசையில் ஏறியது. லெவி அந்தப் பாட்டில் ஒரு வரியும் எழுதியவர் அல்லர்.

டூட்ஸ் ஹிபர்ட்டின் குரல்

ஃபிரெடெரிக் ‘டூட்ஸ்’ ஹிபர்ட் 1942 டிசம்பர் 8ஆம் நாள் ஜமைக்காவின் மே பென் என்ற ஊரில் பிறந்தார். தேவாலயப் பாட்டுகளில் வளர்ந்தவர். இளம் வயதில் கிங்ஸ்டனுக்கு வந்து ராலி கார்டன், ஜெர்ரி மத்தியாஸ் இருவருடன் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் ‘மேடல்ஸ்’ குழுவை அமைத்தார். 1966இல் ஜமைக்கா அரசு விழாவையொட்டி முதன்முறையாக நடந்த பாட்டுப் போட்டியில் இவர்களின் ‘பாம் பாம்’ பரிசு பெற்றது. வெகு விரைவில் கஞ்சா வழக்கில் டூட்ஸ் சிறை சென்றார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது கைதி எண்ணையே தலைப்பாகக் கொண்ட ‘54-46’ என்ற பாட்டு. 1968இல் வெளிவந்த ‘டு த ரெகே’ என்ற அவர்களது பாட்டில்தான் ‘ரெகே’ என்ற சொல் முதன்முதலாக ஒரு தட்டில் ஏறியது என்பர்.

மேடல்ஸ் குழுவின் ‘லூயி லூயி’ கிங்ஸ்டனின் டைனமிக் சவுண்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாயிற்று. 1973இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஃபங்கி கிங்ஸ்டன்’ என்ற தொகுப்பில் இடம்பெற்றது. தயாரித்தவர்களில் ஒருவர் மில்லியை லண்டனுக்கு அழைத்துச் சென்ற அதே பிளாக்வெல். பாஸ் கிட்டார் ஜாக்கி ஜாக்சன், கிட்டார் ஹக்ஸ் பிரவுன், ஆர்கன் வின்ஸ்டன் ரைட், முரசு பால் டக்ளஸ். 1975இல் பாட்டுகள் சில மாற்றப்பட்டு அதே தலைப்பில் அமெரிக்காவிலும் தொகுப்பு வந்தது. அதிலும் ‘லூயி லூயி’ இருந்தது. ஜான் டென்வரின் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டும் இருந்தது. அதில் மேற்கு வர்ஜீனியா என்ற இடத்தில் மேற்கு ஜமைக்கா என்று டூட்ஸ் மாற்றிக்கொண்டார். ‘லூயி லூயி’யில் அப்படி எதையும் மாற்றத் தேவை இருக்கவில்லை. ஊர்ப் பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தது.

கிங்ஸ்மென் பாட்டு மூன்று நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். மேடல்ஸ் பாட்டு ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. பத்துச் சுரத் துணுக்கு இங்கே அடித்து நொறுக்கப்படாமல் ஆடி அசைந்து வருகிறது. டூட்ஸ் தேவாலயத்தில் பாடுவது போலச் சொல்லை நீட்டுகிறார், முறிக்கிறார், சில இடங்களில் சொல்லை விட்டு ஒலியைப் பிடித்துக்கொள்கிறார். சொல் தெளிவைப் பார்த்தால் இவரும் ஈலிக்குச் சளைத்தவர் அல்லர். ஆனால் பெர்ரியின் தட்டில் வேடமாகக் கேட்ட பேச்சு இவர் வாயில் வேடமாகக் கேட்பதில்லை. தொலைவிலிருந்து ஊரை நினைத்து ஏங்கும் மாலுமியின் பாட்டை அந்த ஊரிலிருந்தே ஒருவர் பாடும்போது ஏக்கம் குறைந்து கொண்டாட்டம் மிகுந்துவிடுகிறது. பெர்ரியின் பதிவில் உள்ள மெல்லிய சோகத்தை விரும்புபவர்கள் இதை ஓர் இழப்பாகக் கருதலாம். இருப்பினும், இப்பாட்டின் எண்ணற்ற மறுபாடல்களில் பெரும்பாலானவை கிங்ஸ்மென் கூச்சலின் நகல்களாகவே நின்றுவிட, மேடல்ஸ் வடிவம் ஒன்றே பாட்டின் நடையை முற்றிலும் வேறாக்கியது என்று சொன்னால் மிகையாகாது.

ஜமைக்காக் கலைஞர்களும் அந்நாளில் பெர்ரியின் நிலையில்தான் இருந்தனர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1972இல் வெளிவந்த ‘த ஹார்டர் தே கம்’ என்ற ஜமைக்காத் திரைப்படத்தில் டூட்ஸ் குழுவினர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடும் காட்சி உண்டு. அதே படத்தில், கிராமத்திலிருந்து வந்த பாடகனிடம் தயாரிப்பாளர் 20 டாலரை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். அந்த நாட்டில் தற்காலத் தேவைக்கேற்ற பதிப்புரிமைச் சட்டம் 1993இல்தான் வந்தது.

தமிழில் இதற்கு ஒப்பான ஒன்று

தமிழுலகில் இதற்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கையின் ‘சுராங்கனி’. போர்த்துக்கீசர் வழிவந்தவர்களும் அவர்களால் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் வழிவந்தவர்களும் இலங்கையில் வளர்த்த நடன இசை ‘பைலா’. அது சிங்கள மக்களிடையே பெரிதும் பரவிற்று. 1960களின் இறுதியில் ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினமும் அவரை அடுத்து ஏ. ஈ. மனோகரனும் இத்தகைய துள்ளல் தாளங்களில் தமிழ் ‘பொப்’ இசையை வளர்த்தனர். மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து வந்து, 1977இல் வெளியான ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் தமிழ்த் திரைப்பாட்டாகவும் ஒலித்தது. தமிழ்நாட்டுப் பொருட்காட்சி மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் பாடியவர்கள் பலருக்கு அது எந்தத் தீவின் தாளம் என்ற நினைப்பே இருந்ததில்லை. கிங்ஸ்மென் தட்டுக்கு ஆடியவர்களுக்கு பெர்ரியைத் தெரியாதது போலத்தான்.

இந்தியச் சட்டத்திலும் மறுபாடலுக்கு இடமுண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், முதல் பதிவு வந்து இரண்டாண்டு கழிந்தால் உரிமைத்தொகை செலுத்திவிட்டு மீண்டும் பதிவு செய்யலாம் என்ற விதி இருந்தது. 1980களில் ஒலிநாடாக்கள் மலிந்தபோது, வட இந்தியாவில் லதா மங்கேஷ்கர், முகமது ரஃபி பாட்டுகளைப் புதுக் குரல்களில் பாடவைத்து மலிவு விலை நாடாக்களாக டி-சீரிஸ் போன்ற நிறுவனங்கள் விற்றுப் பெருகியது இந்த விதியின் நிழலில்தான். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இதை இறுக்கியது. இப்போது ஐந்தாண்டு கழிய வேண்டும். குறைந்தது ஆண்டுக்கு 50,000 படிகளுக்கான தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். மூலப் பாடகரின் பெயரையோ படத்தையோ போட்டு வாங்குவோரை மயக்கக் கூடாது. இது மறுபாடல் என்று உறை சொல்ல வேண்டும்.

அதே திருத்தத்தின் இன்னொரு பகுதி பெர்ரியின் கதையைப் படித்தவர்களுக்கு உடனே விளங்கும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கு வரும் உரிமைத்தொகையில் சரிபாதி பெறும் உரிமையை அவர்களால் விற்கவே முடியாது. விற்றதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது.

பிற்காலம்

1980களின் நடுவில் ரிச்சர்ட் பெர்ரி லாஸ் ஏஞ்சலஸில் தம் தாயாரின் வீட்டில் அரசு உதவித்தொகையை நம்பி வாழ்ந்து வந்தார். 1983இல் கலிஃபோர்னியாவின் கே.எஃப்.ஜே.சி. என்ற கல்லூரி வானொலி, ‘லூயி லூயி’யின் வெவ்வேறு பதிவுகளை மட்டும் 63 மணி நேரம் இடைவிடாமல் ஒலிபரப்பியது. எண்ணூறுக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்திருந்தன. பெர்ரியும் அங்கே வந்து பாடினார். சில ஆண்டுகளில் ஒரு குளிர்பான மதுவின் விளம்பரத்துக்கு இப்பாட்டு தேவைப்பட்டது. அதற்கு எழுதியவரின் கையெழுத்து வேண்டும் என்று தெரியவர, வழக்கறிஞர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தனர். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக, இழந்த உரிமையில் பங்கு உடன்படிக்கை மூலம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. இருபது லட்சம் டாலர் அளவுக்குப் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. 1997 ஜனவரி 23இல் அவர் காலமானார்.

கிங்ஸ்மென் குழுவினரும் தம் பதிவுக்குரிய தொகையைப் பல ஆண்டுகள் பெறவில்லை. 1993இல் வழக்குத் தொடுத்து, மேல்முறையீடுகளைக் கடந்து 1998இல் மூலப்பதிவுகளின் மீதான உரிமையைத் திரும்பப் பெற்றனர்.

டூட்ஸ் ஹிபர்ட் 2020 செப்டம்பர் 11இல் கிங்ஸ்டனில் காலமானார். அதற்கு இரு வாரங்களுக்கு முன் வெளிவந்திருந்த ‘காட் டு பி டஃப்’ என்ற தொகுப்புக்கு 2021இல் கிராமி விருது வழங்கப்பட்டது.

அந்தப் பத்துச் சுரத் துணுக்கைத் தம் குழுவோடு முதலில் தட்டில் பதித்த ரெனே டூசே 2003இல் மயாமி நகரில் காலமானார். ‘லூயி லூயி’யின் எந்தப் புகழ்பெற்ற தட்டிலும் ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் இல்லை.